பதினாலு பெண்டேஜ் வெச்சிருந்த மனிசன்

என்ட மனிசன் களவா இனிப்புத் தின்னுறார் எண்டு எனக்கு நூத்துக்கு நூறு நம்பிக்கை. அதக் கையும் மெய்யுமாப் பிடிக்கத்தான் நான் அந்த அறைக்குள்ள போய்க் குந்தினது, பேய் விளையாட்டுப் பாக்க இல்ல. இத முதல்லயே சொல்லிப்போடுறன். ஏனெண்டா, "றிபாயாவும் புருசனோட சேந்து கேம் அடிக்கிறாவாம்" எண்டு பொறகு எங்கட தெருவுல கதை வந்திச்சி. வந்தா வரட்டும், ஆக்கள்ட வாய மூட என்னட்ட மூடி இல்ல.

மனிசன்ட பேர் ஹமீட். நற்பிட்டிமுனையில பொறந்து, நற்பிட்டிமுனையிலயே என்னக் கட்டினவர். என்ட மாமிட மகன்தான், அதால எனக்குச் சின்னதுல இருந்தே மச்சான். பதினெட்டு வயசுல டிரக்டர்ல ஏறினவர், பொறகு நெல் வேளாண்மை வெட்டுற மெசின் வந்ததும் அதுல ஏறினார். வெட்டுக் காலத்துல ஆள வீட்டுல காண ஏலா. நம்மட பக்கம் முடிய சவளக்கடை, அது முடிய இன்னொரு ஊர் எண்டு வயலோட வயலாப் போவார். திரும்பி வந்தா தலையில இருந்து கால் வரைக்கும் வைக்கல் தூசி. வாசல்லயே மறிச்சி, "முதல்ல கிணத்தடிக்குப் போங்க" எண்டு நான் துரத்துவன். சிரிச்சிக்கொண்டு போவார்.

இந்த மார்ச் மாசம், பெரும்போக வெட்டு நேரம், அவர்ட இடது கால் ரெண்டாவது விரல்ல வெட்டின வேளாண்மைக் கட்டை ஒண்டு குத்திப்போட்டு. மத்த ஆளுக்கெண்டா மஞ்சள் வெச்சிக் கட்டினா ரெண்டு நாள்ல சரி. இவருக்கு ஆறு வருசமா சீனி வருத்தம். புண் ஏப்ரல்லயும் காயல்ல, மேயிலயும் காயல்ல. ஜூன் கிளினிக்குல டொக்டர் விரல அமத்திப் பாத்தார், ரத்தம் சோதிச்ச துண்டப் பாத்தார், பொறகு என்னையும் பாத்தார்.

"இவ்வளவு மருந்துக் குளிசை போடுற ஆளுக்குச் சீனி இந்தளவு நிக்க ஏலாதே. வீட்டுல என்ன சாப்பிடுறார்?"

எனக்கு மூஞ்சி எரிஞ்சி போச்சு. டொக்டர் மிச்சத்தையும் சொன்னார். ஜூலை இருவதாம் திகதி அடுத்த கிளினிக். அதுக்குள்ள சீனி இறங்கி, புண் காயத் தொடங்கோணும். இல்லாட்டி விரல எடுக்கத்தான் வேணும், விட்டா அது காலுக்கு ஏறும். இடது கால் எண்டா மெசின்ல கிளச் மிதிக்கிற கால். வரக்குள்ள மனிசன் ஓட்டோவுல இடது கால மடக்கி மடக்கி நீட்டிப் பாத்துக்கொண்டு வந்தார்.

அண்டையில இருந்து என்ட வீட்டுல சீனிப் போத்தலுக்கே இடமில்ல. குரக்கன், பாவக்காய், வெறும் பிளேன்டீ. சோறு ஒரு சின்னக் கோப்பை, அதுக்கு மேல ஒரு பருக்கை இல்ல. அப்படியும் சீனி இறங்கல்ல. சீனி பாக்கிற சின்ன மிசின்ல விரல் குத்திப் பாக்கிற நேரமெல்லாம் அந்த நம்பர் அங்கேயே நிக்குது. அவர்ட தங்கச்சி வந்து, "மைனி, நீங்க பாவம் பாத்துச் சோத்தக் கூட்டிப் போடுறீங்க போல" எண்டாள். நானா பாவம் பாக்கிற ஆள்? அவளுக்கு அண்டைக்குக் குடுத்த தேத்தண்ணியிலயும் நான் சீனி போடல்ல.

அப்ப எங்கேயோ இருந்து தின்னுறார், வேற என்ன? தலகாணிக்குக் கீழ பாத்தன். சாறன் மடிப்பப் பாத்தன். வாயக் கூட மணந்து பாத்தன், "இதென்ன கா, முப்பது வருசத்துக்குப் பொறகு இப்பதான் ஆசை வந்திச்சா?" எண்டு கேட்டுச் சிரிக்கிறார். குளிசை விசயத்துல ஒரு குறையும் சொல்ல ஏலா. காலையிலயும் பொழுதுபட்டும் நேரத்துக்கு, "புள்ள, தண்ணி கொண்டு வா" எண்டு அவராகவே கேட்பார்.

ஒரு விசயம்தான் எனக்கு உதைச்சது. லுஹர் தொழுது, சாப்பிட்டு, ரெண்டு மணிக்கு எங்கட மகன் சப்ரிட அறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கொள்ளுவார். அஸர் தொழுகை வரைக்கும் வெளிய வரமாட்டார். சப்ரி கட்டாருக்கு வேலைக்குப் போய் ஒண்டரை வருசம். வெத்து அறைக்குள்ள இவருக்கு என்ன வேலை?

ஒரு நாள் சொல்லாமக் கதவத் திறந்தன். திரைச்சீலையெல்லாம் இழுத்து மூடி, பட்டப்பகல்ல அறை கும்மிருட்டு. மனிசன் கால ஒரு கதிரையில தூக்கி வெச்சிக்கொண்டு, சப்ரி விட்டுட்டுப் போன கேம் பெட்டியப் போட்டு விளையாடுறார். ஐம்பத்திநாலு வயசு! டீவிக்குள்ள மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு பொம்புளப் புள்ள, கையில டோர்ச் ஒண்டோட, முழங்கால் தண்ணிக்குள்ள நடக்கிறாள்.

"இதென்ன கோலம்?"

"சத்தம் போடாத புள்ள. அது சத்தத்துக்குத்தான் வரும்."

எது வரும் எண்டு கேக்க முன்னமே அது வந்திட்டு. நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு ஆடு கத்தினது.

அறை முழுக்கத் தேடினன், ஒரு டொபிப் பேப்பர் கூட இல்ல. ஆனா நான் விடுற ஆளா? நான் போன பொறகு தின்னுவார் எண்டு, அடுத்த நாள்ல இருந்து மரக்கறிச் சுளகையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு அங்கேயே குந்தினன். ஒரு கண் பயத்தங்காயில, ஒரு கண் அவர்ட வாயில. ரெண்டு நாள் போக, கண் ரெண்டும் டீவிக்குப் போச்சு. உண்மையச் சொல்லோணும்.

கதை இதுதான். கடலோரத்துல ஒரு பழைய ஹோட்டல். தண்ணி ஏறி வத்தின இடம். அதுக்குள்ள இந்தப் புள்ளைட தங்கச்சி எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்காள். உள்ளுக்கு உள்ள ஆக்களுக்கு ஏதோ நோய் புடிச்சி, மனிசத் தன்மை போயிட்டு. இவளுட கையில ஒரு சின்னத் துவக்கு. குண்டு சும்மா கிடைக்காது. ஒரு மேசை லாச்சிக்குள்ள ரெண்டு, ஒரு பூச்சாடிக்குள்ள மூண்டு எண்டு பொறுக்கோணும். காயம் பட்டா கட்டுறத்துக்குப் பெண்டேஜ். அதுவும் அருந்தல்தான். ஒரு சின்ன அறை இருக்கு, அங்க போனா ஒண்டும் வராது. அதுக்குள்ள ஒரு இரும்புப் பெட்டி, பொறுக்கின சாமான அதுல போட்டு வைக்கலாம்.

எனக்கு ஆயிரம் கேள்வி. "அந்தச் சின்ன அறைக்குள்ள மட்டும் ஏன் அதுகள் வரல்ல?" "பூச்சாடிக்குள்ள குண்டு வெச்சது ஆரு?" "இவளுக்குப் பசிக்காதா?" எல்லாத்துக்கும் மனிசன் நிறுத்தி, யோசிச்சி, மறுமொழி சொல்லுவார். பூச்சாடிக்கு மட்டும் அவருக்கும் மறுமொழி தெரியா. ஒரு நாள் நான் அடுப்பில மீன் ஆணத்த வெச்சிட்டு, அந்தத் தங்கச்சிட செருப்பக் கண்டுபிடிக்கிற வரைக்கும் பாப்பமெண்டு இருந்து, சட்டியே கருகிப் போச்சு.

பாக்கப் பாக்க ஒரு விசயம் எனக்கு விளங்கல்ல. ஹோட்டல்ல உடுப்புக் கழுவுற பக்கமா, ரெண்டு பக்கமும் சுவரா ஒரு நீட்டு ஓடை இருக்கு. இவர் எப்ப போனாலும் அதுலதான் மௌத்தாகிறார். அந்தப் புள்ள வயித்தப் பிடிச்சிக்கொண்டு நொண்டி நொண்டி வாறாள், டீவி சிவந்து போகுது.

"பெண்டேஜக் கட்டுங்க மச்சான்."

"இப்ப வேண்டாம். பொறகு தேவைப்படும்."

செத்துப்போனாள். திரும்பச் சின்ன அறையில இருந்து தொடங்கினார். இரும்புப் பெட்டியத் திறந்து, பையில இருந்த ரெண்டு பெண்டேஜையும் எடுத்து அதுக்குள்ள போட்டார். எட்டிப் பாத்தன், பெட்டிக்குள்ள பதினாலு பெண்டேஜ். குண்டு அடுக்கடுக்கா இருக்கு. அந்தப் பெட்டியப் பாக்கக்குள்ள மட்டும் மனிசன்ட முகத்துல ஒரு சமாதானம் வருது. பொறகு மூண்டு குண்டோட திரும்ப அந்த ஓடைக்குப் போறார், திரும்பச் சாகிறார்.

"பொறகு பொறகு எண்டா எப்ப?"

அவர் டீவியவே பாத்துக்கொண்டிருந்தார். திரும்பவும் மூண்டு குண்ட எடுத்துக்கொண்டு அந்த ஓடைப் பக்கம் போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய சப்ரி வீடியோவுல வந்தான். மனிசன் பள்ளியில இருந்து இன்னும் வரல்ல. நான் மகன்ட சாப்பாட்டக் கேட்டன், வேலையக் கேட்டன், பொறகு பொறுக்க ஏலாமக் கேமப் பத்திக் கேட்டன்.

அவன் சிரிச்சான். "உம்மா, ஒங்களையும் வாப்பா இழுத்துட்டாரா?"

"அத விடு மகன். பதினாலு பெண்டேஜ வெச்சிக்கொண்டு ஒரு மனிசன் ஏன் சாகிறார்? அதச் சொல்லு."

"அந்தக் கேம் ஒங்கட பெட்டிய எட்டிப் பாக்கும் உம்மா. கை வெறுமையா இருந்தா, அடுத்த அறையில எங்கேயாவது ஒண்டு வெச்சி விடும். பெட்டி நிறைய இருந்தா, இவருக்கு என்னத்துக்கு எண்டு விட்டிரும். பாவிச்சாத்தான் தரும். வாப்பா அத நம்புறாரில்ல, எத்தின தரம் சொன்னன்." பொறகு, "முந்தி இப்படி இல்லையே அவர்" எண்டான்.

ஓம், முந்தி இப்படி இல்ல. அந்தக் கதை என்னப் பிடிச்சி உலுப்பினது. என்ட மனிசன் இருக்கிறத எடுத்துக் குடுக்கிற ஆள். பக்கத்து மெசின் நிண்டா தன்ட டீசலக் கேனோட தூக்கிக் குடுத்திட்டு வாற ஆள். எப்ப மாறினார்?

ரெண்டாயிரத்து இருவத்திரண்டு. சிறுபோக வெட்டு. டீசலுக்கு ஊர் உலகமெல்லாம் லைன்ல நிண்ட நேரம். சவளக்கடையில அழகரெத்தினம் அண்ணன்ட வயல்ல இவர்ட மெசின். ஒளிச்சி வெச்சிருந்த ரெண்டு கேனையும், "நாளைக்கு டீசல் பவுசர் வரும், திருப்பித் தாறம்" எண்டு கெஞ்சின ஒரு ஆளுக்குத் தூக்கிக் குடுத்தார். பவுசர் வரல்ல. மெசின் பாதி வயல்ல நிண்டிட்டு. நாலாம் நாள் மழை. நிண்ட வேளாண்மை சரிஞ்சி, தண்ணிக்குள்ள கிடந்து, கதிரோட முளைச்சிப் போச்சு. அழகரெத்தினம் அண்ணன் வரம்புல குந்தி முளையப் பாத்துக்கொண்டிருந்தாராம். ஏசியிருந்தா இவர் தாங்கியிருப்பார். அண்டைக்கு வீட்ட வந்து ரெண்டு நாள் சாப்பிடல்ல.

அதுக்குப் பொறகு எங்கட வீட்டுல ஒண்டும் முடியிறதில்ல. சவர்க்காரத்துல பாதி வெட்டி வைப்பார். நெருப்புப்பெட்டி ரெண்டு எப்பவும் மறைவா இருக்கும். மோட்டச்சைக்கிள் டாங்கி பாதிக்குக் கீழ இறங்கவிடமாட்டார். நான் அத நல்ல பழக்கம் எண்டுதான் நினைச்சன், அல்லாஹ்வே. மத்தப் பொண்டாட்டிமாருக்குப் பெருமையாச் சொல்லியும் இருக்கன்.

போனை வெச்சிட்டு அப்படியே நிண்டன். சவர்க்காரத்தப் பாதியாக்கிற மனிசன், பெண்டேஜக் கட்டாமப் புள்ளையச் சாகவிடுற மனிசன், குளிசைய மட்டும் முழுசாப் போடுவாரா? நான் தண்ணிதான் குடுத்தன். முழுங்கினதக் கண்டனா?

அலுமாரியப் பாத்தன், குசினியப் பாத்தன். பொறகு பின்பக்கக் கொட்டிலுக்குப் போனன். அங்க மெசின்ட சாமான் பெட்டி இருக்கு, நான் ஒரு நாளும் தொடாத பெட்டி, கிறீஸ் ஊத்தை. சாவிகளுக்கும் பெல்ட்டுகளுக்கும் கீழ ஒரு பால்மா டின். மூடியத் திறந்தன். குளிசைப் பக்கட்டுகள். மாசம் மாசமா றப்பர் போட்டுக் கட்டி, மேல அவர்ட கையெழுத்துல மாசத்திட பேர். புண்ணுக்குக் குடுத்த கெப்சூல் அட்டையில பாதிக்கு மேல அப்படியே இருக்கு. திறக்காத மருந்துக் குழாய் ரெண்டு.

அந்த நிலத்துலயே குந்திட்டன். ஒரு மாசமா இந்த மனிசன்ட வாய்க்குள்ள என்ன போகுது எண்டு உளவு பாத்தன், போகாதது என்ன எண்டு ஒரு தரம் யோசிக்கல்ல. கோவம் எண்டா கோவம். அவர்ல மட்டும் இல்ல, என்னிலயும்தான்.

பள்ளியில இருந்து வந்தவருக்கு முன்னால டின்ன வெச்சன். ஏசுறத்துக்கு நல்ல சொல்லெல்லாம் அடுக்கி வெச்சிருந்தன். அவர் ரெண்டு கையாலயும் டின்னப் பொத்திக்கொண்டார். களவு பிடிபட்ட முகம் இல்ல அது. நான் அதக் கொட்டிப்போடுவனோ எண்டு பயந்த முகம்.

"காலையிலது போடுறன் புள்ள," எண்டார். "பொழுதுபட்டுப் போடுறதத்தான் எடுத்து வைக்கிறன். டீசல் இல்லாத அந்த வருசம் கிளினிக்குல மருந்தும் இல்லாமப் போச்சுதே, அப்பவும் பாதி பாதியாப் போட்டுத்தானே தப்பினன்."

"இப்ப இருக்குதானே மச்சான்? முடிஞ்சாத் திரும்பத் தாறாங்கதானே?"

"பவுசரும் நாளைக்கு வரும் எண்டுதான் சொன்னாங்க."

நான் அவருக்கு முன்னால குந்தினன். அந்தப் புண்ணுக் காலப் பாத்தன். விரல்ட நுனி கறுத்திருந்தது. முந்தநாள் அவ்வளவு கறுப்பு இல்ல, அல்லாட்டி நான் கேமப் பாத்த கண்ணால அதப் பாக்கல்லையோ தெரியா.

டின்னத் தூக்கிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனன். தர்சினி மிஸ்ஸி அங்கதான் இருக்கிறா, இவருக்குக் கிளினிக்குல மருந்து கட்டுற புள்ள. அவட லீவு நாள்ல வீட்ட போய்த் தொந்தரவு குடுக்கக் கூடாதுதான், ஆனா எனக்கு வேற ஆரையும் தெரியா. மிஸ்ஸி டின்னுக்குள்ள கைய விட்டு ஒவ்வொரு பக்கட்டா எடுத்து மேசையில வெச்சா. காலம் முடிஞ்சது ஒரு பக்கம், முடியாதது ஒரு பக்கம். காலம் முடிஞ்ச பக்கம்தான் கூட.

"அக்கா, ஏசாதீங்க அவருக்கு," எண்டா. "அந்த வருசத்துக்குப் பொறகு இப்படி டின் வெச்சிருக்கிற வீடு நிறைய இருக்கு. எங்கட அப்பாவும் வெச்சிருந்தவர். ஆனா இத நீங்களா எடுத்துக் குடுக்கக் கூடாது. இருவதாம் திகதி வரைக்கும் நிக்கவும் வேண்டாம். நாளைக்குக் காலையில கூட்டிக்கொண்டு வாங்க. டொக்டரிட்ட ஒண்டையும் ஒளிக்காமச் சொல்லோணும்."

காலையில ஓட்டோவுல ஏறக்குள்ள அவர் டின்னத் தேடினார். நான் மடியில வெச்சிருந்தன். டொக்டருக்கு முன்னால அத நான்தான் திறந்தன். டொக்டர் ஒவ்வொரு பக்கட்டாத் திருப்பிப் பாத்தார். என்னப் பாத்து, "ஒங்கட சாப்பாட்டுல பிழை இல்ல" எண்டார். அந்தச் சொல்லுக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தன், அண்டைக்கு அது எனக்கு இனிக்கல்ல. அண்டைக்கே ஆஸ்பத்திரி வோட்டுல போட்டாங்க. ஊசியால சீனிய இறக்கினாங்க. ஆறாம் நாள் விரல எடுத்தாங்க. இன்னும் பத்து நாள் போயிருந்தா காலப் பத்தித்தான் கதைச்சிருப்பம் எண்டு டொக்டர் எனக்குத் தனியாச் சொன்னார்.

அடுத்த நாள் பகல் பாக்க விடுற நேரத்துக்குச் சூப்புப் போத்தலோட போனன். மனிசன் கட்டுப் போட்ட கால நீட்டி வெச்சிக்கொண்டு, சுவரப் பாத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்துல குந்தி, வேணுமெண்டு ஊர்க் கதை கதைச்சன். அவர்ட தங்கச்சி வந்து என்னட்ட மன்னிப்புக் கேட்ட கதை, சப்ரி லீவு கேட்டிருக்கிற கதை. எல்லாத்துக்கும் ஓம், ஓம் எண்டார். கொஞ்சம் போக மெல்லமா என்ட பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் எடுத்து வெச்சன் புள்ள. வேணுமெண்ட விரலத்தான் வெச்சிருக்க முடியல்ல."

நான் அழுதன். அண்டைக்கு வரைக்கும் அந்தப் புண்ணுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல, கோவத்துலயே காலத்தக் கழிச்சிட்டன். மத்தக் கட்டில் ஆக்கள் பாத்தாங்க, பாக்கட்டும். என்ட மனிசன் இவ்வளவு பயத்தையும் தனியாச் சுமந்துகொண்டு, என்ட குரக்கன் ரொட்டியையும் சிரிச்சிச் சிரிச்சித் திண்டிருக்கார்.

அப்ப மிஸ்ஸி குளிசைத் தட்டோட வந்தா. தர்சினி மிஸ்ஸி இல்ல, வேற ஒரு சின்னப் புள்ள. ரெண்டு குளிசைய அவர்ட கையில போட்டா. அவர் அதப் பாத்தார். மற்றக் கை தானாகத் தலகாணிப் பக்கம் போனது. நான் தண்ணிக் கோப்பைய நீட்டினன்.

தலகாணிப் பக்கம் போன கைய எடுத்துக் கோப்பைய வாங்கினார். ரெண்டையும் ஒண்டாப் போட்டு முழுங்கினார். வாயத் திறந்து எனக்குக் காட்டினார். பொறகு அந்தப் புள்ளையக் கூப்பிட்டு, "மகள், பொழுதுபட்டும் தருவீங்கதானே?" எண்டு கேட்டார்.